சுனாமிக்குப் பிறகு கடலூரில் கொள்ளைநோய் ஏன் வரவில்லை?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கடலூர் மாவட்டக் கடற்கரையைச் சுனாமி சுருட்டிப் போட்டது. மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்து காலரா வரும் என்று பலரும் பயந்தார்கள்.

பிணங்களிலிருந்து நோய் பரவும் என்று அவசர அவசரமாகப் புதைத்தார்கள். ஆனால் வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் கிளம்புவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபத்து பிழைத்தவர்களுக்குத்தான். ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்துக் கிடக்கும் குடும்பங்கள், உப்பேறிய கிணறு, போதாத கழிப்பறை... நோய்க்கு வேறென்ன வேண்டும்?

பரங்கிப்பேட்டையில் முதலில் கைகொடுத்தவர்களில் முஸ்லிம் ஜமாஅத்தார் முக்கியமானவர்கள். மீனவக் குடும்பங்களைக் கல்யாண மண்டபங்களில் தங்கவைத்துச் சோறாக்கிப் போட்டார்கள். இதை வெறும் அன்னதானமாக நினைத்துவிடக் கூடாது. சுடச்சுடச் சமைத்த சோறும் நல்ல தண்ணீரும் கிடைத்தாலே வயிற்றுப்போக்கு வரும் வழி பாதி அடைபட்டுவிடும். காயம்பட்டவர்களுக்குச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருந்தது. மீனவ கிராமங்களில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் கையில் இருந்தது. சுகாதாரத் துறை குளோரினும் பிளீச்சிங் பவுடருமாக இறங்கியது. பயந்தபடி காலரா கொள்ளைநோயாகக் கிளம்பவில்லை.

ஆனால் தட்டம்மை வந்தது. முகாம் நெரிசலில் வேகமாகப் பரவும் நோய் அது. குழந்தைகளைக் கொல்லவும் கூடியது. டிசம்பர் 29 அன்றே பாதிக்கப்பட்ட கிராமங்களில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சிறப்புத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். மறுநாளே கடலூரிலிருந்து தட்டம்மைத் தகவல். பின்னர் ஆய்வாளர்கள் எண்ணியபோது 101 பேர்.

அது ஆயிரக்கணக்கில் போகாததற்கு வீடு வீடாக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களின் பல வருட உழைப்பு பெரிய காரணம். சுனாமிக்கு முன்பே தமிழ்நாட்டில் 95 சதவீதத்துக்கும் அதிகமான குழந்தைகள் தட்டம்மை ஊசி போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் 101 பேருக்கு ஏன் வந்தது? ஒன்பது மாதத்தில் போடும் ஒற்றை ஊசி நூற்றில் சுமார் 15 குழந்தைகளுக்குப் பலன் தருவதில்லை. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோ சிறப்பு முகாமின் வரம்புக்கே வெளியே நின்றார்கள்.

இரண்டாவது ஊசி இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் சேர 2010 ஆனது.