முதலாம் எண் வழு

ஒரு மென்பொருளில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்கிறோம். தமிழில் அதற்கு 'வழு' என்று பெயர். திறந்த மூலத் திட்டங்களில் வழுவைக் கண்டவர் யாராக இருந்தாலும் எழுதி அனுப்பலாம். அப்படி வரும் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துச் சேர்த்து வைக்கும் இடம்தான் வழுப் பதிவேடு. அந்தப் பதிவேட்டையே வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன நடக்கும்? நம் லண்டனோடு தொடர்புடைய ஒரு கதை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2002-இல் விண்வெளிக்குப் போய் வந்தவர். 2004-இல் அவர் கனோனிக்கல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தேம்ஸ் கரையில் உள்ள மில்பேங்க் டவரில் அதன் அலுவலகம் சில ஆண்டுகள் இருந்தது. அந்த நிறுவனம் வெளியிடும் இலவச இயங்குதளம்தான் உபுண்டு. அதன் முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது.

ஆரம்பத்தில் உபுண்டுவின் வழுக்கள் பக்ஸில்லா என்ற பதிவேட்டில் இருந்தன. அதில் ஒரு சிக்கல் இருந்தது. உபுண்டு டெபியனிலிருந்து உருவானது; டெபியனோ ஆயிரக்கணக்கான தனித் திட்டங்களைச் சேர்த்துக் கட்டியது. அதனால் ஒரே வழு மூன்று இடங்களில் மூன்று எண்களோடு கிடக்கும். ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடங்களுக்குத் தெரியாது. இவற்றை இணைக்கக் கனோனிக்கல் லாஞ்ச்பேட் என்ற தளத்தைக் கட்டியது. அதன் வழுப் பகுதிக்கு மலோன் என்று பெயர். 'பக்ஸி மலோன்' என்ற 1976-ஆம் ஆண்டு பிரித்தானியப் படத்தை வைத்துச் செய்த சிலேடை அது! 2006-இன் தொடக்கத்தில் உபுண்டுவின் வழுக்கள் அங்கே குடிபெயர்ந்தன.

குடிபெயர்ந்தபோது எண்கள் மாறின. என் தொழிலில் இது பெரிய விஷயம். "இந்த எண் வழுவுக்காக இந்த வரியை மாற்றினேன்" என்றுதான் நிரலாளர்கள் குறிப்பு எழுதி வைப்பார்கள். எண் வேறு வழுவைக் காட்டினால் காரணம் தொலைந்துவிடும். அந்தக் காலத்து உபுண்டு மாற்றக் குறிப்புகளில் சில எண்களுக்கு முன்னால் 'உபுண்டு' என்றும், சிலவற்றுக்கு முன்னால் 'மலோன்' என்றும் இருக்கும். எந்தப் பதிவேட்டின் எண் என்று பிரித்துக் காட்டத்தான் அப்படி.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. உபுண்டு திறந்த மூலம்; ஆனால் அதன் வழுக்களைக் காக்கும் லாஞ்ச்பேட்டின் மூலநிரல் அப்போது மூடியே இருந்தது. உலகெங்கும் தன்னார்வலர்கள் எழுதிய அறிக்கைகளின் சாவி ஒரு நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கலாமா என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஓயவில்லை. 2009 ஜூலையில் கனோனிக்கல் லாஞ்ச்பேட் முழுவதையும் திறந்த மூலமாக வெளியிட்டது. கேட்டவர்கள் விடாமல் கேட்டது வீண்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பதிவேட்டின் முதலாம் எண் வழுவை எழுதியவர் ஷட்டில்வொர்த்தேதான். அதன் தேதி 2004 ஆகஸ்ட் 20. புதுக் கணினிச் சந்தையில் மைக்ரோசாப்டே பெரும்பங்கு வைத்திருப்பது ஒரு வழு என்பது அவருடைய புகார்! கைபேசிகளும் டேப்லெட்டுகளும் பரவி நிலைமை மாறிவிட்டது என்று சொல்லி 2013 மே மாதம் அவரே அதை முடித்துவைத்தார். முடித்தாலும் அழிக்கவில்லை. நடுவில் பலர் எழுதிய வாதங்களும் கிண்டல்களும் சேர்ந்தே அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. லாஞ்ச்பேட்டில் எண் 1-ஐத் தேடி வாசித்துப் பாருங்கள்.