வெளிச்சத்தை அளந்த கதை

கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே படம் திடீரென்று வெளுக்கிறது, மறுநொடி இருண்டுவிடுகிறது, போன் பழுதாகிவிட்டதோ என்று நம் வயதுக்காரர்கள் சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் பழுது ஒன்றுமில்லை. இது தொண்ணூறு வருடத்துப் பழைய பழக்கம்.

ஒரு காலத்தில் வெளிச்சத்தை அளந்தது மனிதக் கண்தான். நம்மில் பலர் வைத்திருந்த அக்ஃபா கிளிக் 3 கேமராவில் வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி இருக்கும். வானத்தைப் பார்த்து நாமே திருப்பி வைக்க வேண்டும். ஒரு ஃபிலிமுக்கு 12 படம்தான் என்பதால் யோசித்துத்தான் அமுக்குவோம். விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு மனக்கணக்கும் உண்டு. நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை 16-ல் வைத்து, ஃபிலிமின் வேகம் 125 என்றால் ஷட்டரையும் 1/125 நொடியில் வைப்பார்கள்.

1932-ல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் செலினியம் மீட்டரைக் கொண்டுவந்தது. செலினியத்தின் மேல் வெளிச்சம் பட்டால் சிறிதளவு மின்சாரம் உண்டாகி முள்ளை நகர்த்தும். பேட்டரி வேண்டாம். 1938-ல் கோடக் நிறுவனம் அப்படிப்பட்ட மீட்டரைக் கேமராவுக்குள்ளேயே வைத்து, துவாரத்தைத் தானாகவே அமைக்கும்படி செய்தது. அந்த சூப்பர் சிக்ஸ்-20 கேமராவின் விலை 225 டாலர்.

ஆனால் மீட்டருக்கு ஒரு குறை. எதிரே இருப்பது யார், எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்புக் கோட்டைக் கண்டால் கூட்டும். அதனால்தான் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைக் காட்டி அளந்தார்கள்.

இன்றைய கைப்பேசி அந்த மீட்டரின் பேரன். முகத்தை அடையாளம் காணும் அளவுக்குப் படித்துவிட்டது, குடும்பப் பழக்கம் மட்டும் போகவில்லை. போட்டோவுக்கு ஒருமுறை கணக்குப் போட்டால் போதும். வீடியோவில் ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர் குறுக்கே போனாலும், ஜன்னல் பக்கம் போன் திரும்பினாலும் கணக்கு மாறும், படமும் மாறும்.

எங்கள் பெரியப்பா தன் இளமைக் கதைகளைச் சொல்லும் ஒரே ஒரு வீடியோ இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஜன்னல். அவர் சற்று அசைந்தாலே முகம் கறுத்துவிடும், குரல் மட்டும் கேட்கும். இன்று அவர் இல்லை. மறுபடி எடுக்க வழியும் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பேசவைத்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னல் அவர்கள் முகத்துக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். ரெக்கார்டு தொடங்குமுன் திரையில் அவர்கள் முகத்தின் மேல் விரலைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் லாக் என்று வரும், பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுப் படம் தெரியும். பக்கத்தில் வரும் சூரியன் குறியை நகர்த்தினால் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பூட்டியபின் யார் குறுக்கே போனாலும் அளவு மாறாது. ஆனால் விளக்கைப் போட்டாலோ அணைத்தாலோ, இடம் மாறினாலோ மறுபடி பூட்ட வேண்டும்.

கிளிக் 3 காலத்தில் வெயிலா மேகமா என்று நாம்தான் சொன்னோம். இப்போதும் அதைச் சொல்ல ஒரு விரல் போதும்.