ஓடாத பந்தயத்தின் விலை

2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கார் ஏலம் விடப்பட்டது. அழைக்கப்பட்டோர் மட்டுமே பங்குபற்றிய அந்த ஏலத்தில், பெயர் வெளியிடப்படாத ஒருவருக்காக அது 135 மில்லியன் யூரோவுக்கு வாங்கப்பட்டது. அதுவரை ஏலத்தில் விற்கப்பட்ட எந்தக் காரும் இவ்விலையை நெருங்கியதில்லை. 2018இல் ஒரு பெராரி 250 ஜிடிஓ பெற்ற 48.4 மில்லியன் டொலரே முந்தைய சாதனையாகும்.

ஆனால், இந்தக் கார் எந்தப் பந்தயத்திலும் போட்டியிட்டதேயில்லை!

இது 300 எஸ்எல்ஆர் வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் திறந்த காரில்தான் 1955 மே மாதம் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றரை 10 மணி 7 நிமிடங்களில் கடந்து வென்றார். அதே காரைக் கூரையுடனும் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுடனும் வடிவமைத்து, நெடுந்தூரப் பந்தயங்களுக்கு அனுப்ப நிறுவனம் திட்டமிட்டது. இரண்டே கார்கள் உருவாகின.

அவ்வாண்டு ஜூன் 11ஆம் திகதி பிரான்ஸின் லு மான் பந்தயத்தில் பியர் லெவே ஓட்டிய 300 எஸ்எல்ஆர், முன்னே விலகிய காரொன்றில் மோதி மேலெழுந்து சிதறியது. அதன் பாகங்கள் பார்வையாளர்களிடையே பாய்ந்தன. லெவேயுடன் 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டனர். மெக்சிக்கோவின் நெடுஞ்சாலைப் பந்தயம் இரத்துச் செய்யப்பட்டது. சுவிற்சர்லாந்து வட்டப்பாதைப் பந்தயங்களுக்கே தடை விதித்தது. அவ்வாண்டுக்கான உலகக் கிண்ணத்தை வென்ற கையோடு மெர்சிடிஸ் நிறுவனமும் பந்தயக் களத்தைவிட்டு விலகியது.

ஓடுவதற்குக் களமின்றி நின்ற அந்த இரு கார்களுள் ஒன்றைத் தலைமைப் பொறியியலாளர் ருடோல்ப் ஊலன்ஹவுட் தமது அலுவலகப் பயணங்களுக்குப் பயன்படுத்தினார். மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் வேகத்தில் செல்லக்கூடிய கார் பொதுவீதியில் ஓடிற்று. இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இரண்டில் ஒன்று நிறுவனத்திடமே உள்ளது. மற்றையதை விற்றுக் கிடைத்த பணம் மாணவர் புலமைப்பரிசில் நிதியத்துக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல காரியந்தான். எனினும், இக்காரின் அருமையைப் பேசுவோர் ஒன்றை மறத்தலாகாது. அன்று லு மானில் அத்தனை பேர் மடிந்திராவிடில், இதுவும் பந்தயங்களில் ஓடித் தேய்ந்த கார்களுள் ஒன்றாகியிருக்கக்கூடும். அதன் புதுமை குன்றாத மேனிக்குப் பின்னால், பந்தயம் பார்க்கச் சென்று வீடு திரும்பாத மனிதர்கள் இருக்கின்றார்கள்.