காலந்தாழ்ந்த வழக்குகளும் காத்துக்கிடந்த சான்றுகளும்: அமெரிக்கத் தென்மாநில இனவெறிக் கொலைகள் குறித்து

முன்னுரை

1963 ஜூன் 12ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், கறுப்பின உரிமை இயக்கத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தண்டனை பெற்ற நாள் 1994 பிப்ரவரி 5. அதே 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் ஆகிய நான்கு சிறுமியர் உயிரிழந்தனர். முதல் மூவருக்கும் வயது 14, டெனிஸுக்கு 11. அவ்வழக்கின் இறுதித் தீர்ப்பு 2002இல் வந்தது.

இந்நீண்ட இடைவெளிக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம், அக்காலத்தில் போதிய சான்று கிட்டவில்லை, பின்னாளில் புதிய சான்று வெளிப்பட்டது என்பதாகும். வழக்குகளின் போக்கைக் கூர்ந்து நோக்கினால் இக்காரணம் நிற்பதில்லை. தீர்ப்பைத் தீர்மானித்த சான்றுகளுள் பெரும்பாலானவை குற்றம் நிகழ்ந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே அரசின் கையில் இருந்தவை. மாறியவை வேறு. அவை எவை என்பதை எவர்ஸ், பர்மிங்ஹாம் ஆகிய இரு வழக்குகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாக்சன்: முடிவுறாத இரு விசாரணைகள்

எவர்ஸ் கொல்லப்பட்ட இடத்திற்கு அருகில் புதருக்குள் ஒரு துப்பாக்கி கிடைத்தது. அதன் தொலைநோக்கியில் பைரன் டி லா பெக்வித் என்பவரின் கைரேகை பதிந்திருந்தது. துப்பாக்கியும் அவரிடம் இருந்ததே. வெள்ளையின மேலாண்மைக் கொள்கையைத் தாம் ஏற்றிருப்பதை அவர் மறைத்ததுமில்லை. 1964 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் அவர்மீது இருமுறை விசாரணை நடந்தது. இரண்டிலும் நடுவர் குழுவினர் (ஜூரிகள்) அனைவரும் வெள்ளையின ஆடவர். இருமுறையும் அவர்களிடையே ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்திற்கு வந்து குற்றவாளிக் கூண்டில் இருந்தவரின் கையைக் குலுக்கிச் சென்றார். 1969இல் குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது.

இங்கு ஒரு சட்ட நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். நடுவர் குழு உடன்பாடு காணாமற் போவது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. ஒருவர் விடுவிக்கப்பட்டுவிட்டால் அதே குற்றத்திற்காக அவரை அதே அரசு மீண்டும் விசாரிக்க அமெரிக்க அரசியலமைப்பு இடந்தராது. 1955இல் 14 வயது எமெட் டில்லைக் கொன்ற இருவர் விடுவிக்கப்பட்ட சில மாதங்களில், தாமே கொன்றதாக ஓர் இதழுக்குப் பணம் பெற்றுக்கொண்டு கூறியும் சட்டம் அவர்களைத் தொட இயலாமற் போனது இதனால்தான். பெக்வித் அத்தகைய பாதுகாப்பைப் பெறவில்லை. அவரை அன்று காப்பாற்றிய கருத்து வேறுபாடே பின்னாளில் வழக்கைத் திறந்து வைத்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

1989 அக்டோபரில் ஜெரி மிட்செல் என்ற செய்தியாளர் ஜாக்சன் நாளிதழில் ஒரு செய்தியை வெளியிட்டார். இனப் பிரிவினையைக் காக்க 1956இல் மாநில அரசே அமைத்த மிசிசிப்பி இறையாண்மை ஆணையம், இரண்டாம் விசாரணையின்போது நடுவர்களாகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடியவர்களின் பின்புலத்தை மறைவாக விசாரித்து எதிரித் தரப்பு வழக்குரைஞர்களுக்கு உதவியது என்பதே அச்செய்தி. ஒரே அரசின் ஒரு கை குற்றஞ்சாட்ட, மற்றொரு கை குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தாங்கியிருக்கிறது. எவர்ஸின் துணைவியார் மிர்லி எவர்ஸ் வழக்கை மீண்டும் எடுக்க வேண்டினார்.

அப்போதுதான் அரசின் ஆவணக் காப்பு எந்நிலையில் இருந்தது என்பது தெரிய வந்தது. நீதிமன்ற நடவடிக்கைப் பதிவைக் காணோம், துப்பாக்கியைக் காணோம், பிணக்கூறு அறிக்கையும் இல்லை. நடவடிக்கைப் பதிவின் படியொன்றை மிர்லி எவர்ஸ் கால்நூற்றாண்டாகத் தம்மிடம் காத்து வைத்திருந்தார். அதை அவர் அரசுத் தரப்பிடம் அளித்தார். வழக்கை நடத்திய உதவி வழக்குரைஞர் பாபி டெலாட்டர், துப்பாக்கியைத் தம் மாமனாரின் வீட்டில் கண்டெடுத்தார். நீதிபதியாயிருந்த அம்மாமனார் அதை ஒரு நினைவுப் பொருள்போல் வைத்திருந்தார். 1991இல் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்திலிருந்து எவர்ஸின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு மறு ஆய்வு செய்யப்பட்டது. பெக்வித் கொலையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டதாகச் சாட்சியம் கூறிய சிலர் புதியவர்களே. ஆயினும் வழக்கின் முதுகெலும்பு கைரேகையும் துப்பாக்கியும்தான். அவை இரண்டும் 1963இன் சான்றுகள்.

பர்மிங்ஹாம்: பெட்டிக்குள் இருந்த ஒலிநாடா

பர்மிங்ஹாம் வழக்கில் மறைப்பு இன்னும் உயரத்தில் நிகழ்ந்தது. 1965 மே மாதத்திலேயே கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் (எப்.பி.ஐ.) பர்மிங்ஹாம் அலுவலகம், கு கிளக்ஸ் கிளான் அமைப்பினரான ராபர்ட் சாம்ப்ளிஸ், தாமஸ் பிளான்டன், பாபி ஃபிராங்க் செர்ரி, ஹெர்மன் கேஷ் ஆகிய நால்வரையும் பெயர் குறித்துத் தலைமையகத்திற்கு எழுதியது. இயக்குநர் எட்கர் ஹூவர் வழக்குத் தொடர இசையவில்லை. வெற்றி பெறும் வாய்ப்பு குறைவு என்பது அவர் கூறிய காரணம். 1968இல் கோப்பு மூடப்பட்டது.

அலபாமாவின் தலைமை வழக்குரைஞராக 29 வயதில் பொறுப்பேற்ற பில் பாக்ஸ்லி, 1971இல் மாநில அளவில் வழக்கைத் திறந்தார். தம் தொலைபேசி அட்டையின் மூலைகளில் நான்கு சிறுமியர் பெயர்களையும் அவர் எழுதி வைத்திருந்தார். புலனாய்வுத் துறையிடமிருந்து கோப்புகளைப் பெறவே அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவையும் ஒரு பகுதியே. கையில் கிட்டியதைக் கொண்டு 1977 நவம்பரில் சாம்ப்ளிஸுக்குத் தண்டனை பெற்றுத் தந்தார். அவ்விசாரணையை வகுப்புக்குச் செல்லாமல் அமர்ந்து கேட்ட சட்ட மாணவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் டக் ஜோன்ஸ். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவரே எஞ்சியோர்மீதான வழக்கை நடத்தினார். 2001 மே மாதம் பிளான்டனும், 2002 மே மாதம் 71 வயதான செர்ரியும் தண்டிக்கப்பட்டனர்.

பிளான்டன் வழக்கில் முதன்மை பெற்ற சான்று, 1964இல் அவருடைய வீட்டுச் சமையலறையில் புலனாய்வுத் துறை மறைத்து வைத்த ஒலிவாங்கி பதிந்த உரையாடல். குண்டு தொடர்பாகக் கூடிய கூட்டத்தைப் பற்றி அவர் தம் மனைவியிடம் பேசுவது அதில் இருந்தது. இவ்வொலிநாடாவைப் பற்றிப் பாக்ஸ்லிக்குத் தெரிவிக்கவே இல்லை. 2001 தீர்ப்பிற்குப் பின் அவர் நாளிதழொன்றில் வெளிப்படையாக இதைக் கண்டித்து எழுதினார். நீதிமன்ற ஆணையின்றிப் பதிந்த ஒலிநாடாவை அன்றைய நீதிமன்றம் ஏற்றிராது என்று துறையின் சார்பில் வாதிடலாம். அவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. எனினும் ஏற்பதா மறுப்பதா என்பது நீதிபதி முடிவுசெய்ய வேண்டியது. கோப்பை வைத்திருந்தவர் முடிவுசெய்ய வேண்டியதன்று.

இத்தாமதத்தின் விலையை ஹெர்மன் கேஷின் பெயர் காட்டுகிறது. நால்வருள் ஒருவரான அவர் 1994இல் இறந்தார். அவர்மீது குற்றச்சாட்டு பதியப்படவே இல்லை.

நடுவர் பட்டியலும் வாக்காளர் பட்டியலும்

சான்று பழையதாயின் மாறியது எது? என் கருத்தில், சான்றைக் கேட்டவர்கள் மாறினார்கள் என்பதே முதல் விடை. நடுவர்கள் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டனர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்திற்கு முன் மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவருள் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். 1967க்குள் அது 60 விழுக்காட்டை நெருங்கியது. பெண்கள் நடுவராக அமர மிசிசிப்பி 1968 வரை இடந்தரவில்லை. 1994இல் பெக்வித்தின் முன் அமர்ந்த பன்னிருவருள் எண்மர் கறுப்பினத்தவர், நால்வர் வெள்ளையினத்தவர். அதே கைரேகை, அதே துப்பாக்கி. கேட்ட காதுகள் வேறு. ஆகவே இத்தீர்ப்புகளைப் புலனாய்வின் வெற்றியாக மட்டும் எழுதுவது, வாக்குரிமைக்காகச் சிறை சென்றோரின் பங்கை மறைத்துவிடும். எவர்ஸ் கொல்லப்பட்டதே அவ்வாக்காளர் பதிவுப் பணிக்காகத்தான்.

மாநில நீதிமன்றங்களே இவ்வழக்குகளுக்குக் களமானதற்கும் காரணமுண்டு. கொலைக்குற்றத்திற்கு அம்மாநிலங்களில் காலவரம்பு கிடையாது. கூட்டாட்சி உரிமைச் சட்டங்களின்கீழ் ஐந்தாண்டு கடந்தால் வழக்குத் தொடர முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. 1966இல் பென் செஸ்டர் வைட் என்ற முதியவரைக் கொன்ற வழக்கில் மாநில நீதிமன்றம் விடுவித்த எர்னஸ்ட் அவான்ட்ஸ், கொலை நிகழ்ந்த காடு கூட்டாட்சி அரசுக்குரியது என்ற ஒரே காரணத்தால் 2003இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். 1964 ஆட்கடத்தல் வழக்கில் ஜேம்ஸ் ஃபோர்ட் சீல் 2007இல் தண்டனை பெற்றார்; காலவரம்பு குறித்த அவருடைய மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஒன்பதுக்கு ஒன்பதாகப் பிரிந்ததால்தான் அத்தண்டனை நிலைத்தது.

கூண்டில் ஏறாதவர்கள்

2008 அக்டோபரில் எமெட் டில் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1970க்கு முந்திய இனவெறிக் கொலைகளை மீளாய்வு செய்ய நீதித்துறைக்கு அது பொறுப்பளித்தது. 2016இல் 1979 வரையிலான கொலைகளும் சேர்க்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் ஆராயப்பட்டுப் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஐயத்திற்குரியோர் இறந்துபோயினர், சாட்சிகளும் இல்லை. மேலே கூறிய இரு கூட்டாட்சித் தண்டனைகளும் இச்சட்டத்திற்கு முந்தியவை என்பது கருதத்தக்கது.

தண்டிக்கப்பட்டவர்கள் அனைவரும் முதியவர்கள், தனிமனிதர்கள். இதனால் இக்குற்றங்கள் சில கொடியவர்களின் செயல் என்ற எண்ணம் எளிதில் நிலைபெறுகிறது. பெக்வித்துக்கு உதவிய ஆணையத்தில் ஊதியம் பெற்ற எவரும் அதற்காகக் கூண்டில் நிற்கவில்லை. 1973இல் அவ்வாணையத்திற்கான நிதி ஒதுக்கீட்டை மறுத்து அதை முடக்கிய ஆளுநர் வில்லியம் வாலர், 1964இல் பெக்வித்தின்மீது இருமுறையும் வழக்கு நடத்தித் தோற்ற அதே அரசு வழக்குரைஞர். 1977இல் ஆணையத்தை முறைப்படி கலைத்தபோது, அதன் ஆவணங்களை 2027 வரை மூடி வைக்கச் சட்டமன்றம் ஆணையிட்டது. நீண்ட வழக்கிற்குப் பின் கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவால் 1998 மார்ச் மாதத்தில் அவை திறக்கப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்பக்கங்கள் இன்று மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் எவரும் படிக்கும் நிலையில் உள்ளன.