ஸ்லைடு பேசுமா, பேச்சாளர் பேசுவாரா?

2003ஆம் ஆண்டு ஜனவரி மாதம். மலேசியாவில் புதிய பள்ளித் தவணை தொடங்குகிறது. ஜொகூர் மாநிலத்தின் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகளிலும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் புதுச் சீருடையும் புதுக் காலணியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் பிபிஎஸ்எம்ஐ திட்டம் அந்த மாதம்தான் அமலுக்கு வந்தது. அந்தத் திட்டத்திற்காக அரசாங்கம் ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், எல்.சி.டி. புரொஜெக்டரும், பாடங்கள் அடங்கிய குறுந்தட்டுகளும் வழங்கத் தொடங்கியது. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெண்திரை வந்து நின்றது.

அதே ஜனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் 7 பேருடன் புறப்பட்டது. அவர்களில் ஒருவர் ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. பிப்ரவரி 1ஆம் நாள், தரையிறங்க வேண்டிய நேரத்தில், டெக்சஸ் வானத்தில் விண்கலம் சிதறியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கும் விண்கலத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஸ்லைடு இருந்தது.

ஸ்லைடு நமக்குப் புதிதல்ல. இடைவேளையில் திரையரங்கில் காட்டப்பட்ட துணிக்கடை, நகைக்கடை விளம்பர ஸ்லைடுகளை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கும் முன்னால், விளக்கொளியில் கண்ணாடி ஓவியங்களைச் சுவரில் காட்டிய மாய விளக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நீண்ட காலம் ஆட்சி செய்தது ஓவர்ஹெட் புரொஜெக்டர். கண்ணாடி போன்ற தாளில் பேனாவால் எழுதி, விளக்கின் மேல் வைத்தால் சுவரில் எழுத்து விழும். விரலின் நிழலும் சேர்ந்தே விழும்!

அந்தத் தாளைக் கணினியில் தயாரிக்க முடியாதா என்று 1984இல் யோசித்தவர் ராபர்ட் காஸ்கின்ஸ். கலிபோர்னியாவில் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் அவரும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கிய மென்பொருளுக்கு முதலில் வைத்த பெயர் 'பிரசென்டர்'. அந்தப் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே வைத்திருந்ததால் அது 'பவர்பாயின்ட்' ஆயிற்று. 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. கறுப்பு வெள்ளை மட்டும்தான். அதே ஆண்டு மைக்ரோசாப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 1990இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. பிறகு உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் இது இல்லாமல் யாரும் பேசுவதில்லை என்றாகிவிட்டது.

இனி கொலம்பியாவுக்கு வருவோம். புறப்பட்டு ஏறக்குறைய 82 வினாடியில், எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. வீடியோவில் பார்த்த பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். போயிங் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆராய்ந்து, முடிவுகளை ஸ்லைடுகளாகத் தயாரித்து நாசா அதிகாரிகளிடம் காட்டினார்கள். விண்கலம் அப்போது வானில்தான் இருக்கிறது. ஏழு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அவற்றில் ஒரு ஸ்லைடு பின்னாளில் பேர்போனது. பழைய சோதனைகளைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்ற பொருள்படும் தலைப்பு மேலே பெரிதாக இருந்தது. அதன் கீழே புள்ளி, உட்புள்ளி, உட்புள்ளிக்குள் இன்னொரு புள்ளி என்று வரிகள் இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் கீழே, மிகச் சிறிய எழுத்தில் உண்மையான செய்தி கிடந்தது. மோதிய துண்டின் கனஅளவு 1,920 கன அங்குலம். சோதனையில் பயன்படுத்திய துண்டோ வெறும் 3 கன அங்குலம். அதாவது, நடந்தது சோதனையைப் போல 640 மடங்கு பெரியது. அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள். தலைப்பு சொன்னதோ அதற்கு நேர்மாறு. 'குறிப்பிடத்தக்க' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் அந்த ஒரே ஸ்லைடில் 5 முறை வருகிறது. எவ்வளவு என்று மட்டும் ஓர் இடத்திலும் இல்லை.

இதை அலசி எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி. 2003 ஆகஸ்டில் வெளிவந்த விசாரணை அறிக்கையும் அவருடைய அலசலை எடுத்துக்கொண்டது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடு உட்கார்ந்திருப்பதை அது குறையாகவே பதிவு செய்தது. ஆபத்து முன்பே தெரிந்திருந்தால், அட்லாண்டிஸ் விண்கலத்தை அனுப்பி மீட்க முயன்றிருக்கலாம், கடினம்தான் ஆனால் முடியாததல்ல என்றும் அந்த அறிக்கை கூறியது. விண்கலத்தை உடைத்தது நுரைத்துண்டுதான், ஸ்லைடு அல்ல. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிம்மதியாக எழுந்து போகும்படி செய்ததில் அந்தத் தலைப்புக்குப் பங்கு உண்டு.

இப்போது வகுப்பறைக்குத் திரும்புவோம். வீட்டில் தமிழ் பேசும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, திரையில் ஆங்கிலத்தில் வண்ண வண்ணமாக அறிவியல் ஓடுகிறது. படம் அசைகிறது, ஒலி வருகிறது. பிள்ளை கண்கொட்டாமல் பார்க்கிறது. பார்ப்பதும் புரிவதும் ஒன்றா? பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "இந்தச் செடிக்கு ஏன் தண்ணி வேணும், யாரு சொல்றீங்க?" என்று தமிழில் கேட்டுவிட்டு மேலே போகும் ஆசிரியரிடம் அந்தக் குறுந்தட்டு நல்ல கருவி. பொத்தானை அழுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஆசிரியரிடம் அது தொலைக்காட்சிப் பெட்டி, அவ்வளவுதான்.

பிபிஎஸ்எம்ஐ குறித்து நம் சமுதாயத்தில் ஆதரவும் எதிர்ப்பும் கடுமையாகவே மோதின. 2009 ஜூலை 8ஆம் நாள், திட்டம் மீட்டுக்கொள்ளப்படும் என்று அறிவித்தவர் அப்போதைய துணைப்பிரதமரும் கல்வியமைச்சருமான முகிதின் யாசின். ஜொகூர் மூவாரில் பிறந்து, அம்மாநிலத்தின் மந்திரி பெசாராகவும் இருந்தவர். தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. விவாதம் முழுக்க மொழியைப் பற்றியே நடந்தது. திரையைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

தமிழுக்குத் திரும்பியதும் இன்னொரு பழைய தலைவலி நினைவுக்கு வந்தது. எழுத்துரு! 1990களில் வீட்டுக் கணினியில் அழகாகத் தயாரித்த தமிழ் ஸ்லைடை மண்டபத்துக் கணினியில் திறந்தால், அதே எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான். பேச வந்தவர் முகம் வெளிறும். மலேசியரான முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' பலருக்குக் கணினியில் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது. 2001இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு போன்ற மேடைகளில் பொதுவான குறியீடு பற்றி ஓயாமல் பேசினார்கள். பிறகு யூனிகோட் பரவியதும் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது.

ஸ்லைடோடு பேசத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் தமிழர்கள் உடனே சொல்லும் பெயர் அப்துல் கலாம். மாணவர் கூட்டங்களில் ஸ்லைடுகளை ஓடவிட்டுப் பேசுவார். ஆனால் கூட்டம் திரையையே பார்த்துக்கொண்டிருக்க விடமாட்டார். உறுதிமொழியை வரி வரியாகத் தம்மோடு சேர்ந்து சொல்ல வைப்பார், கேள்வி கேட்கச் சொல்வார். 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில்தான் அவர் சரிந்து விழுந்தார்.

அமெரிக்காவின் கை கவாசாக்கி ஒரு கணக்குச் சொன்னார்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து 30 புள்ளிக்குக் குறையக்கூடாது. தமிழுக்கு இது இன்னும் கறாராகவே பொருந்தும். நம் சொற்கள் நீளம். 30 புள்ளியில் ஒரு வரிக்கு நான்கைந்து சொல்லுக்கு மேல் இடமில்லை. அதற்காக எழுத்தைச் சிறிதாக்கி முழுப் பத்தியையும் ஒட்டிவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அதையே வாசிப்பவர்களை நம் மண்டபங்களில் எத்தனை முறை பார்த்தாயிற்று! அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2004இல் உயர் அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டையே நிறுத்திவிட்டார். பதிலுக்கு முழு வாக்கியங்களில் அறிக்கை எழுதி வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்து அதைப் படித்து முடிப்பார்கள். அதன் பிறகுதான் பேச்சு.