கிரவுண்ட்: மண்ணைத் தொடாத மண்

ஒன்பது வோல்ட் பேட்டரியில் எரியும் குட்டி எல்.ஈ.டி. சர்க்யூட்டிலும் ‘கிரவுண்ட்’ உண்டு. ஆனால் அதிலிருந்து ஒரு கம்பிகூட மண்ணுக்குப் போவதில்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்?

தந்திக் காலத்து மிச்சம் அது. மின்னோட்டம் திரும்பிவர இரண்டாவது கம்பி வேண்டாம், மண்ணே போதும் என்று 1838-இல் ஜெர்மானியர் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் கண்டார். அன்று கிரவுண்ட் நிஜமாகவே நிலம்தான். பிரிட்டனில் அதையே ‘எர்த்’ என்றார்கள். நம்மூர் எலெக்ட்ரீஷியன் வாயில் ‘எர்த்து’. ‘புவித்தொடுப்பு’ என்ற தமிழ்ச்சொல் வீட்டு எர்த்துக்குப் பொருந்தும், பேட்டரி சர்க்யூட்டுக்கு இடிக்கும்.

மண் போனது, பெயர் நின்றது. இன்று சர்க்யூட்டில் கிரவுண்ட் என்பது பூஜ்ஜிய வோல்ட் என்று ஒத்துக்கொண்ட ஒரு புள்ளி. மின்னோட்டம் திரும்பும் வழியும் அதுவே. சர்க்யூட்டைச் சோதித்துப் பார்க்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் நீலக் கோட்டோரத் துளைவரிசையை அதற்கு ஒதுக்குவது வழக்கம். சில 830 துளைப் போர்டுகளில் அந்த வரிசை நடுவில் அறுந்திருக்கும். கவனிக்காதவர் ஐ.சி.யைத் திட்டிக்கொண்டே பாதி நாளைத் தொலைப்பார். ஒரு துண்டு ஜம்பர் கம்பியில் தீரும் வேலை.

அச்சிட்ட சர்க்யூட் பலகையில் (பி.சி.பி.) அந்த வரிசையையே செப்புப் பரப்பாக விரித்தால் ‘கிரவுண்ட் பிளேன்’. அதிவேக சிக்னலின் மின்னோட்டம் குறுக்குவழி தேடாது; போன தடத்துக்கு நேர் கீழேயே திரும்பும். அங்கே செப்பை வெட்டினால் சுற்றிப் போகும், இரைச்சலும் கிளம்பும்.