எண்ணெய்ப் புராணம்

ஜவ்வாது என்றவுடன் உங்களுக்குப் புனுகும் கஸ்தூரியும் ஞாபகத்துக்கு வரலாம். எனக்கு இனிமேல் எஞ்சின் எண்ணெயின் நெடிதான் ஞாபகத்துக்கு வரும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப் பாதையில் என் டீசல் கார் ஒரு வளைவில் பெருமூச்சு விட்டது. மஞ்சள் விளக்கைக் காட்டியது. "இதற்கு மேல் என்னால் ஆகாது" என்று சொல்லாமல் சொல்லிவிட்டது. காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்க்கக் கிளம்பியவன் பட்டப் பகலிலேயே நட்சத்திரங்களைப் பார்த்தேன்.

மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்து ஒரு டீக்கடை வாசலை அடைந்தோம். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். முப்பது வருஷம் லாரியும், பிறகு டீசல் அம்பாஸிடர் டாக்ஸியும் ஓட்டியவராம். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார்.

"கன்னங்கரேலென்று இருக்கிறதே, பெரியவரே! அதுதான் கோளாறோ?" என்றேன்.

"டீசல் வண்டியிலே எண்ணெய் கறுக்கத்தான் சார் செய்யும். அழுக்கைத் தூக்கிக்கிட்டுச் சுத்துதுன்னு அர்த்தம். அது கிடக்கட்டும், என்ன எண்ணெய் ஊத்தினீங்க?"

வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். நான்கு வருஷங்களாக, எண்ணெய் கறுத்ததைக் கண்டு பயந்து, எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் "நல்ல கெட்டியான லாரி எண்ணெயாக ஊற்றப்பா" என்று கேட்டு வாங்கி ஊற்றியவன் நானேதான். அவரும் மறு வார்த்தை பேசாமல் ஊற்றினார்.

பெரியவர் தலையை ஆட்டினார். "இது புது வண்டி. இதன் வியாதி எனக்குத் தெரியாது. வண்டியோட புஸ்தகம் என்ன சொல்லுதுன்னு பார்த்தீங்களா?"

புத்தகமா? அது வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் யோகநித்திரையில் இருந்தது! நாவலுக்கு நாவல் பிறர் புத்தகம் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் நான்.

ஊர் திரும்பியதும் இந்த எண்ணெயின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அந்த இன எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது! கடலை விளையும் நம் வட ஆர்க்காட்டுச் சீமைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். 1936-இல் மெர்ஸிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் பெர்லினில் காட்சிக்கு வந்தது. நம் நாட்டில் டீசல் அம்பாஸிடர் பல வருஷங்கள் கழித்தே வந்து டாக்ஸிக்காரர்களின் காமதேனுவாயிற்று.

எரிகிற எண்ணெயின் கதை இது. தேய்மானத்தைத் தடுக்கிற எண்ணெயின் கதை வேறு. 1930-களில் அமெரிக்காவில் டீசல் டிராக்டர்களின் பிஸ்டன் வளையங்கள் கரியும் பிசினும் பிடித்து ஒட்டிக்கொண்டன. ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணெயில் சில உலோக உப்புகளைச் சோப்பு போலச் சேர்த்தார்கள். அன்று முதல் வழவழப்புக் கொடுத்த எண்ணெய் சலவை வேலையையும் ஏற்றுக்கொண்டது. பெரியவர் சொன்ன கறுப்பின் ரகசியம் அதுதான்.

அந்த உப்புகளுக்கு இன்னொரு கடமையும் இருந்தது. ஒரு காலத்தில் நம் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருந்தது. அது எரிந்து உண்டாகும் அமிலத்தை அந்த உப்புகளே முறித்தன. ஆகவே, உப்பு மிகுந்த எண்ணெயே உயர்ந்த எண்ணெய் என்று பெயரெடுத்தது.

2020 ஏப்ரல் முதல் தேதி நாடெங்கும் பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகச் சுருங்கியது. டீசல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று வந்து சேர்ந்தது. கரி எரிந்து போகும். ஆனால் எண்ணெயின் உலோக உப்பு விட்டுச் செல்லும் சாம்பல் எரியாது. அது துளித் துளியாகச் சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். நேற்று வரை காத்த மருந்தே இன்று நஞ்சாயிற்று! அதனால்தான் இத்தகைய கார்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் கேட்கிறார்கள். சி 3 என்ற வகையில் நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேல் சாம்பல் கூடாது.

கெட்டித்தனத்தின் கதையும் உண்டு. 15 டபிள்யூ 40 என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் விரைந்து ஓடும். பின்னால் உள்ளது, 100 டிகிரி சூட்டில் அதன் கனம். என் புத்தகம் கேட்டதோ 5 டபிள்யூ 30, சி 3. நான் ஊற்றி வந்தது இரண்டு விதத்திலும் தவறு.

அறுபதினாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்ந்த சாம்பலுக்காக வடிகட்டியையே மாற்ற நேர்ந்தது. அந்தத் தொகையை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள்.

சரியான எண்ணெயோடு மறுபடியும் மலை ஏறினேன். கார் முனகாமல் ஏறிற்று. டீக்கடையில் அதே பெரியவர். கம்பியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். புது எண்ணெய் அதற்குள் கறுத்திருந்தது.

இந்தத் தடவை நான் பயப்படவில்லை. இரண்டு டீ சொன்னேன்.